பேச முடியாதவருக்குப் போன் செய்த நாட்கள்

தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்ட ஒருவரை, ஊரடங்கின்போது நான் போனில்தான் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் பலர் முதலில் சிரிக்கிறார்கள். பேச முடியாதவரிடம் போனில் என்ன பேசினாய் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அந்த வருடம் நானும் என்னையே பல தடவை கேட்டுக்கொண்டேன்.

நான் நர்ஸ். இனிமேல் குணமாகாது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஒரு சின்னக் குழுவில் வேலை. ஒரு டாக்டர் அம்மா, நான், வண்டி ஓட்டும் அண்ணன், மூன்றே பேர். வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கள் எல்லை. வலியை அடக்குவது, புண்ணைச் சுத்தம் செய்வது, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது, வீட்டில் இருப்பவர்களுக்கு அதையெல்லாம் கற்றுக்கொடுப்பது. உயிரைக் காப்பாற்றுகிற வேலை இல்லை. போகிற உயிர் கஷ்டப்படாமல் போகப் பார்க்கிற வேலை. அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தொட வேண்டும். அந்த வருடம் கூடாது என்று சொல்லப்பட்டவை அவை இரண்டும்தான்.

அவர் டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மெயின் ரோட்டைப் பார்த்த மூலைக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் இருந்தார். அறுபது வயது இருக்கும். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கிரேன் சரக்கைத் தூக்கும்போது கீழே நின்று, மேலே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கையைக் காட்டுவாரே, அந்தச் சிக்னல்மேன். தூக்கு, இறக்கு, மெதுவாக, நிறுத்து, எல்லாமே கையால்தான். அந்தப் பழக்கத்தால், குரல் போன பிறகு மற்றவர்கள் போல அவர் தடுமாறவில்லை என்று அவருடைய மனைவி சொல்வார். தண்ணீர் வேண்டும் என்றாலும், ஃபேனைக் கூட்டு என்றாலும், கொஞ்சம் சும்மா இரு என்றாலும், அவர் கை சொல்லிவிடும். மீதியை உதட்டசைவில் அந்த அம்மா படித்துக்கொள்வார்.

அந்த அம்மா டோல்கேட் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். வீட்டிலும் குரல் மார்க்கெட் அளவுக்குத்தான் இருக்கும். நாங்கள் போனால், படியேறும்போதே அவர் குரல் கேட்கும். நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். நர்சிங் படிக்கும்போது என் பேச்சைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று வெளியில் கொஞ்சம் திருத்திப் பேசப் பழகியிருந்தேன். அந்த வீட்டுக்குள் போனால் என் சொந்தப் பேச்சு தானாக வந்துவிடும். அவருக்கு அது பிடிக்கும். நானும் அந்த அம்மாவும் பேசுவதைக் கேட்டுச் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பார்.

கழுத்தின் நடுவில் இருந்த துவாரம் வழியாகத்தான் அவருக்கு மூச்சு. அதைச் சுற்றி நோய் மறுபடி வந்திருந்தது. விழுங்க முடியாது. மூக்கில் போட்டிருந்த டியூப் வழியாகக் கஞ்சி, மோர், வலிக்குப் பொடித்துக் கரைத்த மார்ஃபின் மாத்திரை. வாரத்துக்கு ஒரு தடவை நாங்கள் போய்த் துவாரத்தைச் சுத்தம் செய்து, சளியை எடுத்து, புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு வருவோம். அவருக்கு இன்னும் எவ்வளவு காலம் என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் மறைத்துப் பேசவில்லை. ஒரே மகள். எண்ணூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குக் குழந்தை பிறக்கிறவரை இருந்துவிட்டால் போதும் என்று அவர் வயிற்றைக் காட்டி, எண்ணூர்ப் பக்கம் கையை நீட்டி, ஒரு தடவை எனக்குச் சொன்னார்.

பேரக்குழந்தை பிறந்தது. அதற்குக் கொஞ்ச நாளில் ஊரடங்கும் வந்தது.

முதலில், வீடுகளுக்குப் போக வேண்டாம் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கள் நோயாளிகளுக்கு அந்தக் கிருமி தொற்றினால் தாங்க மாட்டார்கள், நாங்களே அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். நியாயமான காரணம். அதனால் போன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். திருவொற்றியூரில் மார்பில் புண்ணோடு இருந்த ஒரு பெண்ணின் கணவருக்கு, கட்டு மாற்றுவதைப் போனிலேயே படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் நடுவில் அழுதுவிட்டார். போனைப் பிடித்துக்கொண்டு நான் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தால் முதுகில் கை வைத்திருப்பேன். போனில் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

டோல்கேட் வீட்டுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் அந்த அம்மாதான் எடுப்பார். அவர்களிடம் இருந்தது பட்டன் போன். வீடியோவில் பார்க்க வழியில்லை. எப்படி இருக்கிறார் என்றால், நல்லா கீறாரு சிஸ்டர், கஞ்சி உள்ள போச்சு, தூங்கினாரு என்பார். வலி? இல்லை. சளி? இல்லை. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு நாளும் இதே பதில். ஆனால் பின்னால் கட்டில் கம்பியில் எதையோ அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னாம்மா சத்தம் என்றால், அது ஒண்ணுமில்ல என்று போனை வைத்துவிடுவார்.

ஒரு நாள் போனை அவர் காதில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வைத்தார். அவரிடம் சொன்னேன்: "அப்பா, நான் கேக்குறேன். ஆமான்னா போன்ல ஒரு தட்டு தட்டுங்க. இல்லன்னா ரெண்டு தட்டு. வலி கீதா?"

ஒரு தட்டு. விரல் நகம் பட்ட சத்தம், காதுக்குள்ளேயே அடித்த மாதிரி இருந்தது. ராத்திரி தூங்குகிறீர்களா என்றேன். இரண்டு தட்டு. மாத்திரை பத்தவில்லையா என்றேன். ஒரு தட்டு. கொஞ்சம் நின்று, மறுபடி அதே ஒரு தட்டு.

அந்த அம்மாவை லைனுக்குக் கூப்பிட்டு ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். மார்க்கெட்டில் அத்தனை பேரையும் அதட்டுகிற அந்தக் குரல் அடங்கிப்போய் வந்தது.

"ரொம்ப முடியலன்னு சொன்னா ஆம்புலன்ஸ் அனுப்பிடுவீங்களோன்னு பயம் சிஸ்டர். போறவங்க யாரும் திரும்பி வர்றதில்லன்றாங்க. மூஞ்சியக் கூட காட்ட மாட்டேன்றாங்களாம். எங்க ஊட்டுக்காரரு எப்டியும் போவப் போறாரு. என் கையில போவட்டும்."

நாங்கள் ஆம்புலன்ஸ் அனுப்ப மாட்டோம் என்று சொன்னேன். டாக்டர் அம்மாவிடம் பேசி மாத்திரையைக் கூட்டினோம். அதற்கப்புறம் போன் என்றால் அது அவரோடுதான். கஞ்சி இறங்குகிறதா, மலம் போகிறதா, மூச்சு முட்டுகிறதா, பயமாக இருக்கிறதா என்று கேட்பேன். தட்டுவார். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்த பிறகும் வைக்க மனம் வராது. என் வீட்டில் இன்று என்ன சமையல், தெருவில் என்ன நடக்கிறது என்று எதையாவது சொல்லுவேன். அந்தப் பக்கம் துவாரம் வழியாக மூச்சு போய்வருகிற சத்தம் மட்டும் கேட்கும். அது சீராக இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

மாத்திரை தீரப்போகிற சமயத்தில் அவர்கள் குடியிருப்பில் இரண்டு பேருக்குத் தொற்று என்று வாசலைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். ஊரடங்கில் வெளியே போய்வர எங்களுக்குப் பாஸ் கிடைத்திருந்தது. வண்டி அண்ணனும் நானும் மாத்திரையை எடுத்துக்கொண்டு போனோம். டோல்கேட் சந்திப்பை அவ்வளவு காலியாக நான் பார்த்ததே இல்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசை இல்லாத திருவொற்றியூர் ஹை ரோடு வேறு ஏதோ ஊர் மாதிரி இருந்தது. தகரத்தைத் தாண்டி உள்ளே போக விடமாட்டோம் என்றார்கள். நல்லவேளையாக, அவர்கள் பால்கனி ரோட்டுப் பக்கம். கீழே நின்று போன் செய்தேன்.

அந்த அம்மா பிளாஸ்டிக் பக்கெட்டில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன். சட்டைக்குள் உடம்பே இல்லை. கழுத்தில் ஈரத்துணி கட்டியிருந்தார். பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, ஒரு கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல அசைத்தார். அந்த அம்மா கயிற்றை விட்டார். பக்கெட் முதல் மாடி சன்ஷேடில் இடிக்கப் போனது. அவர் கையை முஷ்டியாக மடக்கினார். கயிறு நின்றது. விரலால் பக்கவாட்டில் காட்டினார், பக்கெட் நகர்ந்தது, திரும்பவும் உள்ளங்கை. என் கைக்குச் சரியாக வந்து நின்றது. மாத்திரையையும் பஞ்சையும் துணிக் கட்டையும் வைத்தேன். மேலே தூக்கவும் அவர்தான் சிக்னல் கொடுத்தார். தகரத்துக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் கூட அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கெட் உள்ளே போனதும் அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். நானும் முகக்கவசத்துக்குள் சிரித்தேன். நான் சிரிப்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

அவரை நான் கடைசியாகச் சந்தோஷமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

குடியிருப்பில் தினமும் காய்ச்சல் பரிசோதிக்க மாநகராட்சிப் பெண்கள் வருவார்கள். நெற்றியில் கருவியைக் காட்டி, இருமல் உண்டா, சளி உண்டா என்று கேட்டுப் போவார்கள். அவரைப் பார்த்து முகக்கவசம் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கழுத்துத் துணியைக் காட்டியிருக்கிறார். மூச்சு அங்கே போகிறது, வாயை மூடி என்ன பயன் என்று அந்த அம்மா விளக்கியிருக்கிறார். அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆனால் இருமல்? துவாரம் வைத்தவர்களுக்கு இருமல் விடாது. அதுவும் தொண்டையில் இருந்து வருகிற இருமல் இல்லை, நேராக நெஞ்சிலிருந்து பீறிட்டு வருகிற சத்தம். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்த அந்த வெயில் காலத்தில், அது மூன்று மாடிக்கும் கேட்டது. எதிர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் பயந்துபோய்ப் புகார் சொல்லிவிட்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. கேன்சர் இருமல் சார், கொரோனா இருமல் இல்ல என்று அந்த அம்மா படிக்கட்டில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு கத்தியிருக்கிறார். கணவருக்கு அன்று உடம்பும் கொஞ்சம் சுட்டது. அதனால் பரிசோதனை முடிவு வரும்வரை வைத்திருந்துதான் ஆக வேண்டும் என்றார்கள். கூட வர யாருக்கும் அனுமதி இல்லை. அந்த அம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்தபோது வண்டி கிளம்பிப் போயிருந்தது. நானும் டாக்டர் அம்மாவும் அந்த ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிப் போன் செய்தோம். யாரும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே இருந்த நிலையை நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது.

எனக்கு ஒன்றை மட்டும் நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. அங்கே எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் இருப்பார்கள். கட்டிலுக்குத் தூரமாக நின்று, பெயர் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுப் போவார்கள். பதில் வராது. அவர் கையைக் காட்டுவார். தண்ணீர் கேட்கிறாரா, வலிக்கிறது என்கிறாரா, மூச்சு அடைக்கிறது என்கிறாரா, யாருக்குத் தெரியும்? வேளாவேளைக்கு மார்ஃபின் இல்லையென்றால் அவர் உடம்பு துடிக்கும். துவாரத்தில் சளி காய்ந்து அடைத்தால் அவ்வளவுதான்.

என்னோடு படித்த ஒருத்தி மூலமாக அந்த வார்டில் வேலை செய்கிற ஒரு நர்சின் எண் கிடைத்தது. மறுநாள் மத்தியானம் பிடித்தேன். அவளுக்குப் பேச நேரம் இல்லை. நான் மூச்சுவிடாமல் சொன்னேன். கழுத்தில் துவாரம் இருக்கிறவர், பேச முடியாது, காது நன்றாகக் கேட்கும், புத்தி தெளிவு, சளியை எடுக்க வேண்டும், மார்ஃபின் மூக்கு டியூபில் கொடுக்க வேண்டும், ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. நான் முடித்ததும் அவள் சொன்னாள், "அவரா? நேத்துலருந்து கம்பியத் தட்டிகினே கீறாரு. கோவமா கீறாருன்னு நெனச்சிட்டோம்."

சளியை எடுத்துவிட்டு, மாத்திரை கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவளே என்னைக் கூப்பிட்டாள். தன் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் காதில் வைத்திருப்பதாகச் சொன்னாள். சுற்றிலும் மெஷின்களின் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

"அப்பா, நான்தான்," என்றேன். "வலி குறைஞ்சிதா?"

ஒரு தட்டு.

"அம்மா வூட்ல நல்லா கீறாங்க. அழுவுறாங்க, ஆனா நல்லா கீறாங்க. உங்களுக்குப் பயமா கீதா?"

ஒரு தட்டு.

"வூட்டுக்கு வரணுமா?"

தட்டத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற தட்டு இல்லை. நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த நர்ஸ் போனை மெல்ல வாங்கிக்கொண்டு, போதும்பா, போதும்பா என்று சொல்வது கேட்டது. நான் என் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். அக்கம்பக்கத்து மாடிகளில் துணி காயப்போட்டிருந்தார்கள். வெகுநேரம் நான் கீழே இறங்கவில்லை.

முடிவு தொற்று இல்லை என்று வந்தது. டாக்டர் அம்மா அங்கிருந்த டாக்டரிடம் பேசி, இவருக்கு இனி வேறு சிகிச்சை இல்லை, வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் போனவர் வேறு, வந்தவர் வேறு. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கையைத் தூக்கிக் காட்டக் கூட வலு இல்லை.

கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை மட்டும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அதற்குள் எங்களுக்கு அனுமதி வந்திருந்தது. தகரத்தையும் பிரித்துவிட்டிருந்தார்கள். டாக்டர் அம்மாவும் நானும் கீழே வண்டியிலேயே அந்த முழு உடையை மாட்டிக்கொண்டு ஏறினோம். இரண்டு மாடி ஏறுவதற்குள் உள்ளே தண்ணீர் ஊற்றின மாதிரி வியர்வை. அறை வாசலில் எங்களைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. இரண்டு கையாலும் அந்த அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இரைந்தது. மறுபடி தூக்கிக்கொண்டு போக வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

நான் அப்படியே வாசலில் நின்றேன். இத்தனை மாதம் போனில் பேசின மாதிரியே பேசினேன். நான்தான் அப்பா, உங்களை எங்கேயும் கொண்டு போக மாட்டோம், இந்தக் கட்டிலைவிட்டு உங்களை யாரும் தூக்க மாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் விரல் தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் பக்கத்தில் போனேன். கையுறையோடு அவர் நெற்றியைத் தொட்டேன். தோல் தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. டாக்டர் அம்மா தோலுக்கடியில் மெதுவாக மருந்து இறங்க ஊசி போட்டார். மூச்சு இரைப்பு தணிந்தது. இன்றோ நாளையோதான் என்று அந்த அம்மாவிடம் சொன்னோம். அவர் தலையை ஆட்டினார். மகளுக்குச் சொல்லுங்கள் என்றார்.

மகளுக்குக் கைக்குழந்தை. மாமியார் வீட்டில், அப்பா வீட்டுக்குப் போனால் பிள்ளையைத் தொடக்கூடாது, தனிமை முடிகிறவரை திரும்பி வரவும் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் பயமும் பொய்யில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர், பரிசோதனை முடிவைக் காகிதத்தில் காட்டினாலும் அப்போது யாரும் நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் காலை அவள் வந்துவிட்டாள். கணவர் பைக்கில் கொண்டுவந்து கீழே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் மருந்து பார்க்க அப்போதுதான் வந்திருந்தேன். அவள் அறை வாசல் வரை வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கையை மார்பில் கட்டிக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் திரும்பிப் போகலாம், தொடவில்லை என்று சொல்லிப் பிள்ளையிடம் போய்விடலாம் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பிறகு உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அப்பாவின் இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். போனில் இருந்த பிள்ளையின் படத்தைக் காட்டினாள். அவர் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. கண் திறந்துதான் இருந்தது.

அன்று பகலிலேயே போய்விட்டார். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போய், ஒரு மூச்சுக்கு அப்புறம் அடுத்தது வரவில்லை. அந்த அம்மா அவர் கழுத்துத் துணியை எடுத்துவிட்டு, அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அடங்கிட்டாரு," என்றார்.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் சத்தமில்லாமல் இருக்காது. மேளம் அடிக்கும், கானா பாடுவார்கள், தெருவே வந்து நிற்கும், பூவை வாரி இறைத்துக்கொண்டு ஆடிக்கொண்டு போவார்கள். துறைமுகத்தில் இத்தனை வருடம் இருந்தவர், கடற்கரைக் குப்பத்தில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர். அவருக்கு மேளக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். பந்தல் போடுகிறவர் போனை எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாடியெல்லாம் ஜன்னல் சாத்தியிருந்தது. வண்டி அண்ணனும், செய்தி கேட்டுத் திரும்பி வந்த மருமகனும், இன்னும் இரண்டு பேரும்தான் இறக்கினார்கள். எதுவுமே கேட்கவில்லை, படியில் செருப்புச் சத்தம் மட்டும். "ஒரு மோளம் கூட இல்லாம போறியே," என்று அந்த அம்மா பால்கனியில் நின்று சொன்னார். கத்தவில்லை.

அவர்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் யாரும் இல்லை. வாசலில் ஒரு தூக்குவாளியில் சூடாக டீ, மேலே கவிழ்த்த தம்ளர்கள். எதிர் வீட்டுக் கதவு அப்போதுதான் மூடியது. புகார் சொன்ன வீடு. அந்த அம்மா வாளியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு உள்ளே வந்து மூன்று தம்ளரில் ஊற்றினார்.

அதற்கடுத்த நாட்களைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. மகள் அங்கேயே தங்கிவிட்டாள், வேறு வழியில்லை. இரண்டாம் நாள் போனில் கூப்பிட்டு மெல்லிய குரலில், மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டது, காய்ச்சல் அடிக்கிறது, அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றாள். நான் போனேன். இறந்தவருக்கு ஏற்றிய விளக்கு கூடத்தில் எரிந்துகொண்டிருந்தது. உள் அறையில் அவளை உட்காரவைத்து, வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்து, பாலைப் பீய்ச்சி எடுக்க உதவினேன். கிண்ணத்தில் பால் சேர்ந்தது. பிள்ளை எண்ணூரில் பவுடர் பால் குடித்துக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது இதை என்று அவள் கேட்டாள். அந்த அம்மா வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய், பால்கனித் தொட்டியில் இருந்த துளசிக்கு ஊற்றினார். மகள் அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அப்பாவுக்காகவா பிள்ளைக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

சாவு நடந்த வீட்டுக்குப் பிறகும் போய்வருவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அந்த வருடம் பல வீடுகளுக்கு அதைச் செய்ய முடியாமல் போயிற்று. டோல்கேட்டுக்கும் அதற்கப்புறம் அடுத்த வருடம்தான் மறுபடி போக முடிந்தது, இரண்டாவது அலையும் வந்து ஓய்ந்த பிறகு. அந்த அம்மா மார்க்கெட்டில் பழைய இடத்திலேயே இருந்தார். குரல் பழையபடி திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரியிடம் தன் மீன் தட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓரமாக வந்தார். பேரப்பிள்ளை நடக்கிறது, அதற்குத் தாத்தா மூக்கு என்றார். கொஞ்ச நேரம் எதையெதையோ பேசிவிட்டு, பிறகு கேட்டார்.

"சிஸ்டர், அங்க ஆஸ்பத்திரில கெடந்தாரே, அந்த நாளுங்க அவரு இன்னா பண்ணிகினு இருந்தாரு? யாரப் பாத்துகினு இருந்தாரு? அவரு எனக்குச் சொல்லல. சொல்றதுக்குத் தெம்பு இல்ல. ஒங்களுக்கு அந்த நர்ஸப் பொண்ணத் தெரியுமில்ல, கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். அவள் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். நான் அடையாளம் சொல்லச் சொல்ல, நெடுநேரம் யோசித்தாள். கழுத்தில் துவாரம், துறைமுகம், தட்டுகிறவர் என்றெல்லாம் சொன்னேன். அவளுக்கு அவரை ஞாபகம் இல்லை. மன்னிச்சிக்கோங்க அக்கா, அந்த மாசத்துல யாரு மொகமும் எனக்கு நெனப்புல இல்ல, எங்க அப்பாவும் அந்த வார்டுலதான் போனாரு என்றாள். அவள் அம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டும் விசாரித்துவிட்டு வைத்தேன்.

திரும்ப மார்க்கெட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஏதாவது நல்லதாகக் கற்பனை செய்து சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. அவர் கத்தியைத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா கீறாங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறார்கள் என்றேன்.

"அம்மாவ நல்லா பாத்துக்கச் சொல்லுங்க," என்றார். அதற்குள் யாரோ வஞ்சிரம் விலை கேட்க, எழுந்துபோனார். நான் எண்ணூர் பஸ்ஸைப் பிடித்தேன். அங்கே ஒரு வீட்டில் புதிதாக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.